மறுமலர்ச்சிக் காலத்தை இன்றோடு ஒப்பிடும் நூல்களை வாசிக்கும் முறை

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தைப் பற்றிப் பொதுவாசகருக்காக எழுதப்படும் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இரண்டு வேலைகளைச் சேர்த்தே செய்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டில் புளோரன்ஸிலும் வெனிஸிலும் ரோமிலும் என்ன நடந்தது என்று சொல்வது ஒரு வேலை. அப்போது நடந்ததுதான் இப்போதும் நடக்கிறது என்று காட்டுவது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலையில் குட்டன்பெர்க்கின் அச்சகம் இணையமாகிவிடுகிறது, புளோரன்ஸின் வங்கிக் குடும்பமான மெடிசி குடும்பத்தார் தொழில்நுட்பக் கோடீசுவரர்களாகிறார்கள், 1348ஆம் ஆண்டின் கொள்ளைநோய் கொரோனாத் தொற்றாகிறது, புளோரன்ஸ் மக்களைப் பிரசங்கத்தால் ஆட்டிப்படைத்த துறவி சவோனரோலா இன்றைய அரசியல் மேடைப் பேச்சாளர் ஒருவராகிவிடுகிறார். வாசிக்கச் சுவையாக இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் முதல் வேலையை அடிக்குறிப்பும் ஆதாரமுமாகச் செய்த ஆசிரியரே, இரண்டாவது வேலைக்கு வந்ததும் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடத் தொடங்குவதைப் பல நூல்களில் பார்த்திருக்கிறேன். அந்த இடங்களில் வாசகர் எப்படி நின்று நிதானித்துப் படிக்கலாம் என்பதையே இங்கே சொல்ல முற்படுகிறேன்.

ஒப்புமை என்பது பார்வைக்கு ஓர் அணியைப் போலத் தெரிந்தாலும், அதற்குள் பெரும்பாலும் ஒரு காரணகாரியக் கூற்று ஒளிந்திருக்கும். ‘கொள்ளைநோய்க்குப் பின் மறுமலர்ச்சி பிறந்தது, ஆகவே இந்தத் தொற்றுக்குப் பின்னும் ஒரு விடியல் உண்டு’ என்று ஒருவர் எழுதினால், அவர் உள்ளபடி சொல்வது, கொள்ளைநோய்தான் மறுமலர்ச்சியை உண்டாக்கியது என்பதே. அணியாகவே விட்டுவைத்தால் அதை ரசிக்கலாம், ரசிக்காமல் விடலாம். வேறொன்றும் செய்ய முடியாது. வெளியே இழுத்துத் தனி வாக்கியமாக எழுதிவிட்டால், அது சரியா தவறா என்று கேட்க முடியும்.

ஆகவே கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். இடப்பக்கத்தில் அன்று நடந்தது, வலப்பக்கத்தில் அதற்கு இணையாக ஆசிரியர் இன்று காட்டுவது என்று எழுதிக்கொள்ளுங்கள். நூலை முன்னுரையிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியமில்லை. இத்தகைய நூல்களில் ஒப்புமைகள் முன்னுரையிலும் கடைசி அத்தியாயத்திலுமே குவிந்திருக்கும் என்பதால், நான் அவ்விரண்டையும் முதலில் படித்துக் கூற்றுகளைப் பொறுக்கி எழுதிக்கொண்டு, அதன்பின் நடு அத்தியாயங்களுக்குப் போகிறேன். துப்பறியும் கதையாக இருந்தால் இப்படிச் செய்வது பாவம்; வரலாற்று நூலுக்கு இதனால் ஒரு குறையும் வராது.

தேதிகளை ஒரே பக்கத்தில் எழுதுதல்

மேலே சொன்ன கொள்ளைநோய்க் கூற்றையே எடுத்துக்கொள்வோம். 1347 அக்டோபரில் சிசிலியின் மெசினாத் துறைமுகத்தை எட்டிய நோய் மறு ஆண்டு புளோரன்ஸைச் சூறையாடியது. நோய்க்கு முன் ஏறத்தாழ 1 லட்சம் பேர் வாழ்ந்த அந்நகரில், 1427இல் வரி விதிப்புக்காக வீடுவீடாகக் கணக்கெடுத்தபோது 40,000 பேர்கூட இல்லை. ஆள் குறைந்ததால் கூலி உயர்ந்தது, இறந்தவர்களின் சொத்து உயிரோடிருந்த சிலரிடம் சேர்ந்தது, அந்தப் பணம் கலைக்குப் போனது என்பதே நூல்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம். இதில் கூலி உயர்ந்தது என்ற பகுதிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1351ஆம் ஆண்டிலேயே கூலியை நோய்க்கு முந்தைய அளவில் கட்டிப்போடச் சட்டம் இயற்ற வேண்டிய நிலை வந்தது என்பதே போதிய சாட்சி.

இனித் தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். கவிஞர் தாந்தே இறந்தது 1321. ஓவியத்தில் மனித உடலுக்குக் கனத்தைக் கொண்டுவந்தவர் என்று எல்லா நூல்களும் முதல் அத்தியாயத்தில் போற்றும் ஜொத்தோ இறந்தது 1337. பெட்ரார்க் ரோமாபுரியில் கவிஞராக முடிசூட்டப்பட்டது 1341. பழைய ரோமின் பேச்சாளர் சிசரோ தன் நண்பருக்கு எழுதிய கடிதங்களின் பழஞ்சுவடியை அவர் வெரோனாவில் கண்டெடுத்துப் பரவசமடைந்தது 1345. இவை அத்தனையும் நோய் வருவதற்கு முன் நடந்தவை. மறுபுறம், புருனெல்லெஸ்கி புளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தைக் கட்டத் தொடங்கியது 1420, முடித்தது 1436. நோய்க்கும் குவிமாடத்துக்கும் இடையே எழுபத்திரண்டு ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் நோய் பலமுறை திரும்பி வந்தது. 1378இல் கம்பளித் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்து சில காலம் நகராட்சியையே பிடித்து, பிறகு ஒடுக்கப்பட்டார்கள். மூன்று தலைமுறைகளின் கதையை ‘அதன் விளைவாக’ என்ற ஒரு சொல்லால் தாண்டிப் போகும் ஆசிரியரை அந்தச் சொல்லிலேயே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்.

தேதிகளோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்தே வருகிறது: அதே காரணம் வேறெங்கும் இருந்ததா, அங்கே என்ன ஆனது? அதே நோய் கெய்ரோவுக்கும் டமாஸ்கஸுக்கும் பாரிசுக்கும் லண்டனுக்கும் போயிற்று. எங்கும் ஆட்கள் மடிந்தார்கள். எங்கும் சொத்து கைமாறியது. ஆனால் விளைவு ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. ஒரு காரணம் ஐந்து இடங்களில் இருந்து ஓரிடத்தில் மட்டும் ‘பலன்’ கிடைத்தது என்றால், அந்த ஓரிடத்தில் வேறென்ன இருந்தது என்று தேடுவதே முறை. இல்லாவிட்டால் அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். கொள்ளைநோய்க்கும் மறுமலர்ச்சிக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பல நிலைமைகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆனால் பல நிலைமைகளில் ஒன்று என்று எழுதினால் கடைசி அத்தியாயத்தில் இன்றைய வாசகருக்கு ஆறுதல் சொல்ல முடியாது.

இந்தத் தேதிப் பழக்கம் எனக்கு ஓர் அவமானத்திலிருந்து வந்தது. 1453 மே 29 அன்று கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியர் வசமானதும் கிரேக்க அறிஞர்கள் சுவடிகளோடு இத்தாலிக்கு ஓடிவந்தார்கள், அதனால் மறுமலர்ச்சி தொடங்கியது என்பதைப் பள்ளிப் பாடமாகப் படித்ததை அப்படியே நம்பி, பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு சிறு கூட்டத்தில் அதை வைத்து அகதிகளால் வளரும் நாடுகளைப் பற்றி அழகாகப் பேசியும் விட்டேன். கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து, மானுவல் கிரிசொலோராஸ் புளோரன்ஸுக்கு வந்து கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கிய ஆண்டு எது என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. 1397 என்று அவரே சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால், கிரேக்கச் சுவடிகளைப் பெருமளவில் திரட்டி 1468இல் வெனிஸுக்கு நூலகமாகவே கொடுத்த பெஸ்ஸாரியோனும் 1438இல் நடந்த திருச்சபைப் பேரவைக்காக இத்தாலிக்கு வந்தவர்தான். நகரம் விழுந்தபின் பலர் வந்தது உண்மை. ஆனால் அவர்கள் வந்து சேர்ந்தபோது பந்தி பாதி நடந்து முடிந்திருந்தது.

பணம் கொடுத்தவர் யார் என்று பார்த்தல்

மெடிசி குடும்பத்தை இன்றைய பெருஞ்செல்வர்களோடு ஒப்பிடும் அத்தியாயம் இல்லாத நூல் அரிது. ஜொவான்னி டி பிச்சி 1397இல் தொடங்கிய வங்கி. 1434இல் நாடுகடத்தலிலிருந்து திரும்பி வந்து, பெரிய பதவியெதிலும் நிலையாக அமராமலே நகரை ஆண்ட கோசிமோ. அவருடைய பேரன் லொரென்சோ. இவர்களுடைய கொடையால் கலை செழித்தது. ஆகவே இன்றைய செல்வர்களும் அப்படிக் கொடுத்தால் இன்னொரு மறுமலர்ச்சி வரும். இதுதான் வழக்கமான ஓட்டம். இங்கே செய்ய வேண்டியது, நூலில் வரும் ஒவ்வொரு பெரும்படைப்பின் பெயருக்கு எதிரிலும் அதற்குப் பணம் கொடுத்தவர் பெயரை எழுதுவதுதான். ஆசிரியரே நடு அத்தியாயங்களில் அதைச் சொல்லியிருப்பார். கடைசி அத்தியாயத்துக்கு வருவதற்குள் மறந்திருப்பார்.

எழுதிப் பார்த்தால் சில வியப்புகள் கிடைக்கும். சிற்பி கிபெர்ட்டி வென்ற, ஞானஸ்நான ஆலயக் கதவுகளுக்கான 1401ஆம் ஆண்டுப் போட்டியை நடத்தியது துணி வணிகர்களின் சங்கம். குவிமாட வேலையை மேற்பார்த்தது கம்பளிச் சங்கத்தின் பொறுப்பில் இருந்த ஆலயப் பணிக்குழு. மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையோ இன்னும் சுவையான கதை. மெடிசி குடும்பம் 1494இல் நகரைவிட்டுத் துரத்தப்பட்டு, 1512 வரை திரும்ப முடியாமல் இருந்தது. அந்த இடைக்காலத்தில், 1501இல், அதே ஆலயப் பணிக்குழுதான் பல ஆண்டுகளாக வீணே கிடந்த ஒரு பளிங்குப் பாறையை இருபத்தாறு வயது மைக்கேலாஞ்சலோவிடம் ஒப்படைத்தது. 1504இல் சிலை முடிந்தபோது அதை எங்கே நிறுத்துவது என்று கூடிப் பேசிய குழுவில் லியோனார்டோவும் பொத்திச்செல்லியும் இருந்தார்கள். கோலியாத்தைக் கல்லால் அடித்த சிறுவனைக் குடியரசின் அரண்மனை வாசலில் நிறுத்தினால், ஊரைவிட்டு விரட்டப்பட்ட பெரிய இடத்தாருக்கு அது என்ன செய்தி என்பது அந்நகர மக்களுக்கு விளக்காமலே புரிந்திருக்கும்.

லூக்கா லாந்துச்சி என்ற மருந்துக்கடைக்காரர் அந்நாள்களில் நாட்குறிப்பு எழுதி வந்தார். சிலையை வெளியே கொண்டுவரப் பணிமனை வாசலின் மேற்சுவரை இடிக்க வேண்டியிருந்ததையும், நாற்பது பேர் சேர்ந்து இழுத்தும் சதுக்கத்துக்குப் போய்ச் சேர நான்கு நாள்கள் ஆனதையும், இரவில் யாரோ சிலைமீது கல்லெறிந்ததால் காவல் போட வேண்டியிருந்ததையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். எறிந்தவர்கள் யார், எதற்காக என்பதை அவர் சொல்லவில்லை. இந்த ஒரு பக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, ‘மெடிசிகளின் கொடையில் விளைந்த தாவீது’ என்று எங்காவது படித்தால் நமக்கே சிரிப்பு வந்துவிடும். நியாயமாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மைக்கேலாஞ்சலோ சிறுவனாக இருந்தபோது லொரென்சோவின் வீட்டில் தங்கிப் பயின்றவர்தான். மெடிசிகளுக்குப் பங்கு உண்டு. முழுப் பங்கு இல்லை. சங்கங்கள், ஆலயக் குழுக்கள், குடியரசு, போப்பாண்டவர்கள் என்று பலர் ஒருவருக்கொருவர் போட்டி போட்டுச் செலவழித்த ஓர் ஊரை, ஒற்றைக் குடும்பத்தின் வள்ளல்தன்மையாகச் சுருக்கினால், இன்று அதிலிருந்து கிடைக்கும் பாடமும் கோணலாகத்தான் இருக்கும்.

அந்தச் சுருக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு பழைய வரலாறு இருக்கிறது. ஓவியர், சிற்பியரின் வாழ்க்கைகளை 1550இல் முதன்முதலாகத் தொகுத்து, கலை ‘மீண்டும் பிறந்தது’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த வசாரி, அந்த நூலைக் காணிக்கையாக்கியது யாருக்கு? புளோரன்ஸின் அன்றைய கோமகனான கோசிமோ டி மெடிசிக்கு (முன்பு சொன்ன கோசிமோ அல்லர், அதே பெயர் கொண்ட பிற்காலத்தவர்). பின்னாளில் அவருடைய அரசவையிலேயே வேலையும் பார்த்தார். புரவலரைப் பாடும் புலவர் மரபைப் பற்றி நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

அச்சகத்தை இணையத்தோடு ஒப்பிடும் பகுதி

இது பிற ஒப்புமைகளைவிட வலுவானது என்பதால் இதைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். அச்சகத்தைச் சொல்லும் நூல்கள் வழக்கமாக குட்டன்பெர்க்கின் வேதாகமத்திலிருந்து, அது 1455 வாக்கில் முடிந்தது, நேராக லூத்தர் திருச்சபையை எதிர்த்துத் தன் கூற்றுகளை வெளியிட்ட 1517க்குத் தாவும். நடுவில் கிடக்கும் அறுபது ஆண்டுகளில்தான் பொருள் இருக்கிறது.

குட்டன்பெர்க்குக்குக் கடன் கொடுத்திருந்த யோஹான் பூஸ்ட் 1455இலேயே வழக்குத் தொடுத்து வென்றார். ரோமில் அச்சகம் வைத்த ஸ்வெய்ன்ஹைம், பன்னார்ட்ஸ் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் பெரும்பாலும் 275 படிகள் என்ற அளவில் பழம்பெரும் இலக்கியங்களை அச்சிட்டுத் தள்ளினார்கள். 1472இல் போப் நான்காம் சிக்ஸ்டஸிடம் அவர்கள் சார்பில் போன விண்ணப்பத்தில், வீடு முழுக்க விற்காத தாள்கட்டு, சாப்பாட்டுக்கு வழியில்லை என்ற நிலை சொல்லப்பட்டிருக்கிறது. கருவி வந்துவிட்டது, ஆனால் ஒரே நூலை நூற்றுக்கணக்கில் வாங்கக்கூடியவர்கள் ஒரே ஊரில் இல்லை, வேற்றூருக்கு அனுப்பி விற்கும் வலையும் இன்னும் உருவாகவில்லை. துறைமுக நகரமான வெனிஸ் அச்சுத்தொழிலின் தலைநகரானதற்கும், அங்கே ஆல்டஸ் மனூசியஸ் 1501 முதல் கையடக்க அளவில் இலக்கியங்களை வெளியிட்டுப் புகழ் பெற்றதற்கும் இந்த விற்பனைப் பின்னணி இல்லாமல் பொருளில்லை. ஆசிரியர் இதைச் சொல்லியிருந்தால் அவருடைய இணைய ஒப்புமையை நம்பிப் படிக்கலாம். கருவி வந்தது, உலகம் மாறியது என்று இரண்டே வரியில் முடித்திருந்தால் நம்ப வேண்டாம்.

அடுத்து, அச்சில் வந்தவற்றின் பட்டியலைத் தேடுங்கள். நாளிட்டுக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஐரோப்பிய அச்சுத்தாள்களில், 1454ஆம் ஆண்டின் பாவமன்னிப்புச் சீட்டுகள் இருக்கின்றன. பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்ட படிவங்கள் அவை. பின்னால் லூத்தர் எதிர்த்து எழுதியது இந்த வகைச் சீட்டுகளின் விற்பனையைத்தான். ஆக, சீட்டையும் அச்சகமே பரப்பியது, சீட்டுக்கு எதிரான கண்டனத்தையும் அச்சகமே பரப்பியது. சூனியக்காரிகளைக் கண்டுபிடித்துத் தண்டிப்பதற்கு வழிகாட்டும் நூல் 1486-87இல் அச்சாகிப் பலமுறை மறுபதிப்புக் கண்டது. சூனிய வேட்டையை ‘இடைக்கால இருட்டு’ என்று எழுதும் நூல்கள் இன்னும் வருகின்றன. அது உச்சத்தை எட்டியது 1560க்குப் பிறகு, அதாவது மறுமலர்ச்சி முழுதாக மலர்ந்த பின்னர்தான். இதைப் படித்ததும் இன்றைய பொய்ச்செய்தி நினைவுக்கு வருவது இயல்பு. வரட்டும், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அன்று ஒரு நூல் கைமாற மாதங்கள் ஆயின, வாசிக்கத் தெரிந்தவர் சிறுபான்மையினர், நூலின் விலை பலருக்கு எட்டாதது என்ற மூன்றையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒரு சிறு கதையைச் சொல்லாமல் இப்பகுதியை விட மனமில்லை. ஸ்போன்ஹைம் மடத்தின் தலைவர் யோஹான்னஸ் டிரிதேமியஸ் 1492இல் கையால் படியெடுப்போரைப் புகழ்ந்து ஒரு நூல் எழுதினார். தோலில் எழுதியது ஆயிரம் ஆண்டு நிற்கும், காகிதத்தில் அச்சிட்டது இருநூறு ஆண்டு நின்றாலே அதிகம் என்பது அவர் வாதம். 1494இல் அந்த நூலை அவர் அச்சிட்டு வெளியிட்டார்.

சொற்களைச் சோதித்தல்

1440இல் லொரென்சோ வல்லா என்ற அறிஞர் ஒரு புகழ்பெற்ற சாசனத்தை எடுத்துக்கொண்டார். மேற்கு ரோமப் பேரரசின் ஆட்சியுரிமையைக் கான்ஸ்டன்டைன் மன்னர் போப்பாண்டவருக்கு வழங்கியதாகச் சொல்லும் சாசனம் அது. அதில் வரும் ‘சத்ரப்’ (பாரசீக மாகாண ஆளுநர்) முதலான சொற்கள் அந்த மன்னர் வாழ்ந்த நான்காம் நூற்றாண்டு ரோம அரசாணையில் வந்திருக்கவே முடியாது என்று காட்டி, அது பிற்காலத்துப் போலி என்று நிறுவினார். அவருடைய முறையை அவருடைய காலத்தைப் பற்றிய நூல்கள் மீதே செலுத்தலாம். ‘புத்தாக்கம்’, ‘தொழில்முனைவு’, ‘தனிமனித மேதைமை’, ‘வலையமைப்பு’ போன்ற சொற்கள் வரும் இடங்களில் அடிக்கோடிட்டு, அந்தக் காலத்தவர் அதற்கு என்ன சொல்லைப் பயன்படுத்தியிருப்பார்கள் என்று பாருங்கள். ‘கலைஞர்’ என்ற எளிய சொல்லே சிக்கலானது. புளோரன்ஸில் ஓவியர்கள் சேர்ந்திருந்தது மருத்துவர்கள், மருந்து வணிகர்களின் சங்கத்தில். ஒப்பந்தத்தில் எந்த நீல நிறம், எவ்வளவு பொன்தகடு என்பதெல்லாம் எழுதிக் கையொப்பமிட்டுத்தான் வேலை தொடங்குவார்கள். அந்த மனிதரைத் ‘தன் அகக்குரலைக் கேட்ட கலகக்காரர்’ என்று வருணிக்கும் வாக்கியத்தில் பேசுபவர் பதினைந்தாம் நூற்றாண்டு ஆள் அல்லர்.

நம் மொழியில் ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. வசாரியின் சொல்லும், பின்னர் பிரெஞ்சில் நிலைபெற்ற சொல்லும் மறுபிறப்பு என்றே பொருள்படுபவை. செத்தது உயிர்பெற்றது என்று அவை சொல்கின்றன. தமிழில் நாம் அதை மலர்ச்சி ஆக்கிவிட்டோம். பூ மீண்டும் மலர்வதற்கு நடுவில் சாவு தேவையில்லை, வேர் உயிரோடு இருந்தால் போதும். எனக்கென்னவோ நம் சொல்தான் உண்மைக்கு அருகில் நிற்கிறது என்று படுகிறது: மூக்குக்கண்ணாடியும் பல்கலைக்கழகமும் இரட்டைப் பதிவுக் கணக்கும் ‘இருண்ட காலம்’ என்று சொல்லப்படும் நூற்றாண்டுகளிலேயே வந்துவிட்டன, 1417இல் போஜ்ஜோ பிராச்சொலினி கண்டெடுத்துக் கொண்டாடிய லுக்ரீஷியஸின் லத்தீன் காவியமும், இடைக்கால மடங்களில் துறவிகள் உட்கார்ந்து படியெடுத்து வைத்ததால்தான் தப்பியது. ஆனால் சொல் இனிமையாக இருப்பதாலேயே அக்காலத்தின் போரும் அடிமை வணிகமும் நம் வாசிப்பில் மங்கிவிடுகின்றன. 1434இல் திரும்பி வந்த மூத்த கோசிமோ டி மெடிசியின் மகன்களில் ஒருவரான கார்லோவின் தாய், அந்த வீட்டில் அடிமையாக இருந்த ஒரு சர்க்கேசியப் பெண். மலர்ச்சி என்ற சொல்லுக்குள் அவர் எங்கே நிற்கிறார் என்பதையும் நோட்டில் எழுத இடம் வேண்டும்.

நூல் எழுதப்பட்ட ஆண்டைப் பார்த்தல்

பதிப்புப் பக்கத்தைப் புரட்டி, நூல் முதலில் வெளிவந்த ஆண்டைக் குறித்துக்கொள்வது ஒரு நிமிட வேலை. ஆனால் அதிகப் பலன் தருவது அதுதான். 1855இல் ‘மறுமலர்ச்சி’ என்று பெயரிட்டே ஒரு தொகுதி எழுதிய பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மிஷ்லே, லூயி நெப்போலியனின் ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து 1852இல் வேலையை இழந்தவர். அவர் வரைந்த மறுமலர்ச்சி, திருச்சபையிடமிருந்தும் கொடுங்கோன்மையிடமிருந்தும் மனிதன் விடுபட்ட கதையாக இருப்பதில் வியப்பில்லை. 1860இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்திலிருந்து எழுதிய வரலாற்றாசிரியர் புர்க்ஹார்ட், பெருகிவந்த தொழில்நகரங்களையும் பேரரசுகளையும் ஐயத்தோடு பார்த்தவர். அவருடைய இத்தாலியில் தனிமனிதர் உயர்ந்து நிற்கிறார், அரசோ கணக்கிட்டுச் செய்த கலைப்பொருளாக, சற்று அச்சமூட்டுவதாக இருக்கிறது. யூதராகப் பிறந்ததால் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேற நேர்ந்த ஹான்ஸ் பாரோன் 1955இல் வெளியிட்ட ஆய்வில், 1402ஆம் ஆண்டில் மிலான் கோமகனின் படைகள் சூழ்ந்துநிற்க, தனித்து நின்ற புளோரன்ஸ் குடியரசு தன் சுதந்திரச் சிந்தனையைக் கண்டடைகிறது. ஹிட்லரை எதிர்த்து பிரிட்டன் தனித்து நின்ற 1940ஐ அனுபவித்த ஒருவருக்கு 1402 அப்படித் தெரிந்திருப்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அதற்காக மூவரையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மூவரும் ஆவணங்களில் மூழ்கியவர்கள். 2020க்குப் பின் வந்த நூல்களில் நோயும் பொய்ச்செய்தியும் பெருஞ்செல்வமும் முன்வரிசைக்கு வந்திருப்பதையும் இதே கண்ணோடு பார்த்தால் போதும்.

அக்காலத்தவர் தாமே போட்ட ஒப்புமைகள்

பழங்காலத்தை நிகழ்காலத்தோடு ஒப்பிடும் பழக்கமே மறுமலர்ச்சிக் காலத்தின் பழக்கம் என்பதைப் பல நூல்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. புளோரன்ஸ் குடியரசில் அதிகாரியாக இருந்த மாக்கியவெல்லி 1513 டிசம்பர் 10 அன்று தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், பகலெல்லாம் விடுதியில் கசாப்புக்காரரோடும் மாவரைப்பவரோடும் சீட்டாடிவிட்டு, மாலையில் சேறு படிந்த உடையைக் களைந்து, அரசவை உடை அணிந்து, பழங்காலத்துப் பெரியோர்களின் சபைக்குள் நுழைந்து நான்கு மணிநேரம் அவர்களோடு பேசுவதாகச் சொல்கிறார். எல்லா நூல்களும் மேற்கோள் காட்டும் அழகிய கடிதம் அது. அவர் ஏன் அந்தக் கிராமத்தில் இருந்தார் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பழைய ரோம் குடிமக்கள் படையால் வென்றது, ஆகவே கூலிப்படையை நம்பாமல் புளோரன்ஸும் அப்படியொரு படை வைக்க வேண்டும் என்று வாதாடி, 1506இல் அதை அமைத்தும் காட்டியவர் அவர். 1512 ஆகஸ்டில் புளோரன்ஸுக்கு அருகிலுள்ள பிராத்தோவில் ஸ்பானியப் படை வந்து நின்றபோது அந்தக் குடிமக்கள் படை சிதறி ஓடியது, அந்நகரம் சூறையாடப்பட்டது. குடியரசு கவிழ்ந்தது, மெடிசிகள் திரும்பினார்கள், மாக்கியவெல்லி பதவி இழந்து, சிறையில் கைகளைப் பின்னே கட்டிக் கயிற்றில் தூக்கப்பட்டு வதைபட்டு, பிறகு ஊருக்கு வெளியே ஒதுங்கினார். அவர் போட்ட ஒப்புமைக்கு விலை கொடுத்தது பிராத்தோ நகரம்.

அவருடைய இளைய நண்பர் குவிச்சார்தினி தனக்காக எழுதிவைத்த குறிப்புகளில் ஒன்று இதைத்தான் தொடுகிறது. எதற்கெடுத்தாலும் ரோமானியரைச் சான்று காட்டுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். அவர்களைப் போன்ற நிலைமை உள்ள நகரம் இருந்தால்தான் அவர்களைப் போல நடக்கச் சொல்லலாம். இல்லாத இடத்தில் அப்படிக் கேட்பது கழுதையைக் குதிரைபோல் ஓடச் சொல்வதாகும் என்பது அவர் கருத்து. எந்த நூலின் கடைசி அத்தியாயத்தைத் திறந்தாலும் நான் இந்தக் கழுதையைத் தேடுவது வழக்கமாகிவிட்டது.

எல்லா ஒப்புமையும் இப்படிக் கெட்டுப்போவதில்லை. இத்தாலிய மத்திய வங்கியின் ஆய்வாளர்கள் இருவர், நாம் முன்பு பார்த்த அதே 1427ஆம் ஆண்டு வரிப் பதிவேட்டின் குடும்பப்பெயர்களை 2011ஆம் ஆண்டுப் புளோரன்ஸ் வரிக் கணக்குகளில் உள்ள குடும்பப்பெயர்களோடு ஒப்பிட்டு, அன்று செல்வந்தர்களாயிருந்த பெயர்க்காரர்கள் இன்றும் சராசரியாக மேல்நிலையில் இருப்பதைக் காட்டினார்கள். ஒரே ஊர், ஒரே வகை ஆவணம், அளந்து பார்க்கத்தக்க ஒரே பொருள். அதிலும் ஒரே பெயர் என்றால் ஒரே வம்சம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்ற வரம்பு இருக்கிறது. வரம்பு எங்கே என்று காட்ட முடிகிற ஒப்புமையைத்தான் நான் நோட்டில் அழிக்காமல் விடுகிறேன்.

நூலை முடித்தபின், அக்காலத்தவர் ஒருவர் எழுதிய ஏதேனும் ஒன்றை, இன்றைய நாளை நினைக்காமல், நேரே படிக்கும்படி பரிந்துரைப்பேன். எனக்குப் பிடித்தவை அலெஸ்ஸாந்திரா ஸ்திரோத்சி என்ற புளோரன்ஸ் விதவை 1447 முதல் 1470 வரை, தொலைவில் இருந்த தன் மகன்களுக்கு எழுதிய கடிதங்கள். எழுபதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. முதல் கடிதத்தில் பதினாறு வயது மகள் கத்தெரீனாவுக்குப் பட்டு வணிகக் குடும்பத்தில் வரன் முடிந்த செய்தியைச் சொல்கிறார். சீர்ப்பணம் 1,000 புளோரின் பொற்காசு. அதில் 500, மறு ஆண்டு மே மாதம் அரசின் சீர்நிதியிலிருந்து வர வேண்டியது. மீதிக்குப் பணமும் துணிமணியும் தாமே சேர்த்துத் தர வேண்டும். இன்னும் கூடுதலாகக் கொடுத்திருந்தால் இதைவிடப் பெரிய இடம் கிடைத்திருக்கும், ஆனால் பெண் எடுப்பவர்கள் பணத்தைத்தானே பார்க்கிறார்கள் என்று கணக்குச் சொல்லும் அந்தத் தாயின் குரல், படிக்கும் எவருக்கும் பழகிய குரலாகத்தான் ஒலிக்கும். உடனே வலப்பக்கத்தில் எழுதக் கை பரபரக்கும். ஆனால் மகள் பிறந்ததும் அரசிடம் பணம் கட்டிவைத்தால், திருமணத்தன்று அது வளர்ந்து திரும்பி வரும் அந்த நிதி, புளோரன்ஸ் குடியரசு தன் போர்க்கடனைச் சமாளிக்க 1425இல் ஏற்படுத்தியது. மகளுக்காக ஒரு தந்தை கட்டிய பணம் முதலில் அரசின் கடன் கணக்குக்குள் போய்த்தான் அவள் சீராகத் திரும்பியது. என் நோட்டில் இந்தக் கடிதத்துக்கு எதிரே வலப்பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.